கல்லில் என்ன எழுதுவது?



கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். சென்ற மாதம் கிளைக் கூட்டத்துக்காக அங்கே போயிருந்தோம். கூட்டம் முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கோயில் கமிட்டித் தலைவர் மெல்ல பக்கத்தில் வந்து, "அண்ணே, ஒரு பஞ்சாயத்து இருக்கு, நீங்கதான் வந்து தீர்த்து வைக்கணும்" என்றார். வீட்டுப் பிரச்சினையாக இருக்கும், இல்லாவிட்டால் வேலை நிறுத்தப்பட்டவர் விவகாரமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனோம். அதெல்லாம் இல்லை. ஒரு கல்லைப் பற்றிய தகராறு.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்கள் பலர். அவர்கள் நினைவாக மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு கல் நடவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். காசும் சேர்ந்துவிட்டது. தாமானுக்குக் குடிபோனவர்களும் மறக்காமல் கொடுத்திருக்கிறார்கள். பட்டணத்தில் கல்தச்சர் கடையில் கறுப்புக் கல் ஒன்று இழைத்துத் தயாராகக் கிடக்கிறது. ஆனால் மூன்று மாதமாகியும் அதில் ஓர் எழுத்துகூட வெட்டவில்லை. என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை.

படித்த இளைஞர் ஒருவர், "தியாகிகள் நினைவுக்கல் என்று போடுவோம், அதுதான் மரியாதை" என்றார். அங்கே எண்பத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தியாகமாவது! எங்கப்பா தியாகம் பண்ணவா போனாரு? பெரட்டுல நின்ன மனுசன லோரியில ஏத்திட்டுப் போனான். நான் அப்ப கைக்குழந்தைக்குக் கொஞ்சம் பெரியவ. எங்கம்மா சாகற வரைக்கும் தாலியக் கழட்டல. செத்தாரா இருக்காரான்னு சொல்ல ஆளில்லையே, எப்படிக் கழட்டுவா?" என்றார்.

இன்னொருவர் எழுந்து, "அப்படின்னா ஜப்பான் இராணுவத்தால் கொல்லப்பட்டவர்கள்னு பச்சையா எழுதிடுவோம்" என்றார். உடனே மற்றொருவர், "என் ரெண்டு பசங்களும் ஜப்பான் கம்பெனியிலதான் வேலை செய்யறாங்க. எண்பது வருசத்துக்கு முந்தின பகையை இப்ப எதுக்குக் கோயில் வாசல்ல வைக்கணும்?" என்று மறித்தார்.

இதுவரைக்கும் சத்தம்தான் பெரிசு, சங்கடம் பெரிசில்லை. கடைசியில் ஒருவர் சொன்னது தான் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. "ஜப்பான்காரனுக்கு நம்ம பேரு எப்படித் தெரியும்? லிஸ்ட் எழுதிக் கொடுத்தது யாரு? நம்ம கங்காணிதானே! அதையும் எழுதுங்க" என்றார் அவர். அந்தக் கங்காணியின் பேரன் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். கல்லுக்கு நல்ல தொகை கொடுத்தவரும் அவரே. ஒன்றும் பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதை நாம் எப்படித் தீர்த்து வைப்பது? சம்பளப் பிரச்சினை என்றால் ஒப்பந்தத்தைப் புரட்டலாம். இதற்கு எந்தச் சட்டத்தைப் புரட்டுவது? ஒரு மாதம் டைம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். வந்தபிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. இது ஏதோ படிக்காத தோட்டத்து ஜனங்களின் வீண் சண்டை என்று யாரும் எண்ணிவிடலாகாது. அரசாங்கங்கள் கோடிக்கணக்கில் செலவு செய்து எழுப்பிய சின்னங்களிலேயே இந்தச் சண்டை தீரவில்லை. கொத்தனார் சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனால் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அங்கே இருந்துதான் வேலையே ஆரம்பிக்கிறது. கட்டியவன் ஒன்று நினைத்துக் கட்டுகிறான். பத்து வருஷம் கழித்து வருகிறவன் வேறொன்றைப் பார்க்கிறான். ஐம்பது வருஷத்தில் அதன் பொருளே தலைகீழாக மாறிவிடுகிறது. இதற்கு வேறெங்கும் போகவேண்டாம். நம் தாத்தாக்கள் மாண்ட அதே சயாமுக்குப் போவோம்.

நாமும் சில தோழர்களும் ஒருதடவை ரயிலேறிக் காஞ்சனபுரிக்குப் போய் வந்தோம். ஸ்டேஷனுக்குக் கிட்டத்திலேயே ஒரு பெரிய இடுகாடு இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சுத்தம். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொரு கல் பக்கத்திலும் பூச்செடி. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, டச்சு வீரர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுங்காயில் இன்னும் 1,700 பேருக்கு மேல். பர்மா எல்லைக்குள் தான்பியூசாயாட் என்ற இடத்தில் 3,700-க்கு மேல். அமெரிக்கர்கள் தங்கள் ஆட்களின் எலும்புகளை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். பெயர், வயது, எந்தப் படைப்பிரிவு, சில கற்களில் தாய் தகப்பன் எழுதிய ஒரு வாசகம். பார்த்தால் நமக்கே கண் கலங்கும். 22 வயசுப் பையன்கள்.

நம் ஆட்கள் எங்கே என்று தேடினோம்.

கணக்கைப் பாருங்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையையும் சேர்த்துவிட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கு மேல் மாண்டார்கள். மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். அவர்களில் 90,000 வரை மாண்டிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேல் போனார்கள்; பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். செத்தவர்கள் 30,000 என்பார் சிலர். அது மிகக் குறைச்சல் என்பார் பலர். ஒரு பக்கம் 12,000 பேருக்கும் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. நம் பக்கம் பத்தாயிரக்கணக்கில் ஏற்றம் இறக்கமாக ஒரு மதிப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் வெள்ளைத் தோல் மட்டும் அல்ல. இதைத் தொழிற்சங்கக்காரர்கள் நாம் கவனிக்கவேண்டும். போர்க்கைதிகளுக்கு அமைப்பு இருந்தது. அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். இன்ன தேதியில் இன்னார் இறந்தார், இன்ன இடத்தில் புதைத்தோம் என்று ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் குறிப்பு எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945-ல் சண்டை முடிந்த கையோடு ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய்க் காட்டுக்குள் கிடந்த குழிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. நம்மவர்களுக்கு எது இருந்தது? மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு ஓசி என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு போயின. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது டாக்டரும் இல்லை, கணக்கு எழுத ஆளும் இல்லை. தோட்டத்தில் ஒருவன் அரை நாள் வேலைக்கு வராவிட்டால் செக்ரோலில் குறிப்பு உண்டு. சயாமில் ஒருவன் செத்தால் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. அந்தப் பாட்டியின் தாயார் கடைசி வரைக்கும் தாலியோடு இருந்தாரே, அது இதனால்தான்.

இனி அங்கே இருக்கும் சின்னங்களின் கதைக்கு வருவோம். முதல் நினைவுச் சின்னத்தைக் கட்டியது யார் தெரியுமா? ஜப்பான் இராணுவமே! பாதை போட்டு முடித்த சில மாதத்தில், 1944-லேயே, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தூண் எழுப்பினார்கள். அந்த வேலையில் இறந்தவர்களின் ஆவி சாந்தியடைய வேண்டுமாம். பல மொழிகளில் எழுதி வைத்தார்கள். அதில் தமிழும் ஒன்று. நம்மவர்களுக்காகத் தமிழெழுத்தில் வெட்டிய முதல் கல் அதுதான் போலும். ஆனால் அதை வெட்டி வைத்தவன், அவர்களைக் கொண்டுபோனவன். அன்றைக்கு அது என்ன பொருள் சொன்னது? "நாங்கள் செத்தவர்களை மதிக்கிறோம்" என்று. இன்றைக்கு அதன் முன்னால் நிற்கும் தோட்டத்துப் பேரனுக்கு அது என்ன சொல்கிறது? "நீங்கள் இருந்தீர்கள், செத்தீர்கள் என்று கொன்றவனே எழுதிக் கொடுத்த சாட்சி" என்கிறது. இன்றும் ஜப்பானியர்கள் அங்கே வந்து வணங்குவது உண்டு. அவர்களில் எத்தனை பேர் வெட்கத்தோடு வருகிறார்கள், எத்தனை பேர் தங்கள் ஆட்களை மட்டும் நினைத்து வருகிறார்கள் என்று நாம் எப்படிச் சொல்வது? தூண் ஒன்றுதான். கும்பிடுபவர் மனசு வேறு வேறு.

அடுத்தது அந்தப் பாலம். அதை யாரும் நினைவுச் சின்னமாகக் கட்டவே இல்லை. ஜாவாவிலிருந்து இரும்பைப் பிரித்துக்கொண்டு வந்து பொருத்திய சாதாரண ரயில் பாலம். 1952-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கதை எழுதினார். 1957-ல் அதைப் படமாக எடுத்தார்கள். படம் எடுத்தது சயாமில்கூட இல்லை, இலங்கையில், கித்துல்கலை என்ற இடத்தில். உலகம் பூராவும் ஓடியது. படத்தைப் பார்த்தவர்கள் "குவாய் ஆற்றுப் பாலம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். உண்மையில் பாலம் நின்ற ஆற்றுக்கு மேகுலோங் என்று பெயர். வருகிறவர்களை ஏமாற்றுவானேன் என்று அந்தப் பகுதி ஆற்றுக்கே குவே யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்! இன்றைக்கு அந்தப் பாலத்தில் புகைப்படம் எடுக்கிறார்கள், பனியன் விற்கிறார்கள், வருஷக் கடைசியில் வாணவேடிக்கை வைத்து ஒலி ஒளிக் காட்சி நடத்துகிறார்கள். நாமும் படம் எடுத்துக்கொண்டோம், மறைப்பானேன். பிறகு இரவு படுத்தபோது என்னவோ போல் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவன் மனசில் வெள்ளைக்கார சிப்பாயும் ஜப்பான் அதிகாரியும்தான் இருப்பார்கள். கோவணமும் சாக்கும் கட்டிக்கொண்டு மண் சுமந்த தமிழன் அந்தக் கதையில் இல்லை.

1977-ல் அங்கே ஒரு புத்தர் கோயிலில் கண்காட்சி ஒன்று திறந்தார்கள். நல்ல நோக்கம்தான், குறை சொல்லவில்லை. அதற்கு 'ஜீத்' என்று பெயர். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது. அந்தப் பெயரை உச்சரித்துப் பாருங்கள். மலாயா எங்கே? பர்மா எங்கே? ஜாவா எங்கே? அதிகமாகச் செத்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியர்களைப் பாருங்கள். மலையைக் குடைந்து பாதை போட்ட ஓர் இடம் காடு மூடிக் கிடந்தது. உயிர் பிழைத்த பழைய கைதிகள் வயதான காலத்தில் திரும்பிப் போய் இதுதான் இடம் என்று அடையாளம் காட்டினார்கள். அவர்கள் அரசாங்கம் பணம் போட்டது. 1998-ல் நினைவுக் கூடம் திறந்தார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 25-ம் தேதி விடியற்காலையில் மக்கள் வந்து நிற்கிறார்கள். வெறும் பாறை வெட்டு, ஒரு தேசத்தின் கோயில் மாதிரி ஆகிவிட்டது. வருஷா வருஷம் ஆள் வந்தார்கள், அதனால் ஆனது.

நம் ஆட்களுக்கு என்ன இருந்தது? காஞ்சனபுரியில் வட் தாவோன் வராராம் என்ற கோயிலில் ஒரு தூபி. அதன் கீழே பல ஆயிரம் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பெயர் ஒன்றும் கிடையாது. 1990-ல் அந்த வட்டாரத்தில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளியே வந்தன. அதுவும் பெயரில்லாத எலும்புகள்தான். பிறகு 2023-ல் அதே கோயிலில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பினார்கள். நம் நாட்டு ஆர்வலர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் பாடுபட்ட காரியம். எண்பது வருஷம் ஆகியிருக்கிறது! ஆனாலும் வந்ததே. அது வந்தபிறகுதான் நாம் சொல்லும் இந்தக் கீழ்ப் பேராக் தோட்டத்தில், "நம்ம தோட்டத்துக்கும் ஒண்ணு வைப்போம்" என்ற பேச்சே கிளம்பியது என்று கமிட்டித் தலைவர் சொன்னார்.

நம் சொந்த நாட்டுக்கே வருவோம். கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காதவர் யார்? நாமும் தோட்டப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய், அதன் முன்னால் நின்று நாசி லெமாக் சாப்பிட்டவர்கள்தான். துங்கு அமெரிக்காவில் ஒரு சின்னத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து, அதைச் செய்த ஃபீலிக்ஸ் டி வெல்டன் என்ற சிற்பியையே அமர்த்திக் கட்டச் செய்தார். 1966-ல் திறந்தார்கள். ஐந்து வீரர்கள் கொடியோடு இருக்கிறார்கள். காலடியில் இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள். அந்த இருவர் கம்யூனிஸ்டுகள். அவசரகாலத்தை வென்ற கதை அது. 1975-ல் அந்தக் கம்யூனிஸ்டுகளே வந்து அந்தச் சிலைக்கு வெடி வைத்தார்கள்! தங்களைக் காலடியில் போட்ட சிலை அவர்களைச் சுட்டிருக்கிறது. 1977-ல் பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள். வீரர்களின் முகம் நம் நாட்டு முகம் மாதிரி இல்லை, வெள்ளைக்கார ஜாடை அடிக்கிறது என்று ஒரு குறை. அதற்கப்புறம், மனித உருவத்துக்கு முன்னால் மலர் வைத்து நிற்பது இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வுமா என்ற கேள்வி வந்தது. வீரர் தின நிகழ்ச்சி அங்கிருந்து நகர்ந்து, உருவச் சிலை இல்லாத புத்ராஜெயா சதுக்கத்துக்குப் போய்விட்டது. எழுப்பிய துங்கு இதில் எதையாவது நினைத்திருப்பாரா?

அவசரகாலத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,400-க்கு மேல். அவர்களில் பால் வெட்டப்போன இடத்தில் செத்தவர்கள் உண்டு. காட்டுக்காரன் சுட்டதும் உண்டு, பட்டாளத்தான் சுட்டதும் உண்டு. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பட்டாளம் 24 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்கள் பிள்ளைகள் லண்டன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2015-ல் வெறுங்கையோடு திரும்பினார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள். அவரைப் பற்றிப் பேசினால் இன்றும் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நாம் அந்தச் சண்டைக்குள் இப்போது போகவில்லை. அந்த வெண்கலத்தில் துப்பாக்கி இருக்கிறது, கொடி இருக்கிறது. பால் வாளி இல்லை. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

சிங்கப்பூரில் ஒரு கதை. இந்திய தேசிய இராணுவத்தில் மாண்டவர்களுக்காக 1945 ஜூலை 8-ல் நேதாஜி கடற்கரையோரம் அடிக்கல் நாட்டினார். கட்டி முடித்துச் சில வாரங்கள்தான். செப்டம்பரில் திரும்பி வந்த வெள்ளைக்காரன் முதல் வேலையாக அதை வெடி வைத்துத் தகர்த்தான். விட்டிருந்தால் நான்கு தூண்களுக்கு நடுவில் ஒரு தூணாக நின்றிருக்கும். தகர்த்ததனால் அது நம்மவர்கள் வாயில் நின்றுவிட்டது. தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்த பையன்கள் எத்தனை பேர்! 1995-ல் அதே இடத்தில் அடையாளக் கல் வைத்தார்கள். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. பெரியவர்கள் மெதுவாகச் சொல்வார்கள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டான் என்று சேர்ந்தவர்களும் இருந்தார்கள். நேதாஜி கைகோத்த அதே ஜப்பான்தான் நம் மற்றத் தாத்தாவைக் காட்டுக்குக் கொண்டு போனது. ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில் அண்ணன் ஐ.என்.ஏ., தம்பி சயாம். ஒருவருக்குத் தூண் எழும்பியது. மற்றவருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

இப்போது கோயில் வாசல் கல்லுக்குத் திரும்புவோம்.

'தியாகிகள்' என்ற சொல்லை நாம் ஏற்கவில்லை. அந்தத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தியாகம் என்பது ஒருவன் தெரிந்து, விரும்பிக் கொடுப்பது. நம்மவர்கள் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டு போனார்கள். தியாகி என்று எழுதிவிட்டால், எடுத்தவன் யார் என்ற கேள்வியே பிறகு எழாது. இருபது வருஷம் கழித்து யாராவது ஒரு பிரமுகர் வந்து, "நாட்டின் வளர்ச்சிக்காக உயிர்நீத்த தியாகிகளே" என்று மாலை போட்டுவிட்டுப் போவார். எந்த நாட்டின் வளர்ச்சிக்காக? பாட்டி சொன்னதே சரி.

ஜப்பான் பெயரை எழுதலாமா என்றால், எழுதத்தான் வேண்டும். வசவாக வேண்டாம், நடந்ததாக எழுதுங்கள். "1943-ல் ஜப்பானிய இராணுவ ஆட்சியில், இந்தத் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்கள்." இவ்வளவு போதும். ஜப்பான் கம்பெனியில் வேலை செய்யும் பையனுக்கு இதனால் ஒரு குறைவும் வராது. அவன் கூட வேலை செய்யும் ஜப்பான்காரன் இதைப் படித்தாலும் கோபப்பட இதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு கங்காணி. இதில்தான் நமக்குத் தூக்கம் வரவில்லை. லிஸ்ட் எழுதியது உண்மை. மற்றத் தோட்டங்களிலும் கிராணியும் கங்காணியும்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதாவிட்டால் தன் தலை போகும் என்று எழுதியவனும் உண்டு, வேண்டாதவன் பெயரைத் தேடி எழுதியவனும் உண்டு. இந்தக் கங்காணி எந்த ரகம் என்று இன்றைக்கு யாரால் சொல்ல முடியும்? ஒரு மனிதன் பெயரைக் கல்லில் குற்றவாளியாக வெட்டினால், அவன் பேரன், பேரனின் மகள், எல்லோரும் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அதைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும். அதற்காக மறைத்துவிடலாமா? அதுவும் கூடாது. "தோட்ட நிர்வாகத்தின் பெயர்ப் பட்டியலின்படி" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றோம். பட்டியல் இருந்தது என்பது தெரியும். அதற்கு மேல் கேட்கிறவனுக்குப் பெரியவர்கள் வாயால் சொல்லட்டும்.

இதைப் போனில் கமிட்டித் தலைவரிடம் சொன்னபோது, அவர் அந்தப் பேரனைப் போய்ப் பார்த்திருக்கிறார். பேரன் சொன்னாராம்: "எழுதுங்கண்ணே, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா எங்க தாத்தாவோட சொந்தத் தம்பியும் அந்த லோரியிலதான் போனாரு. அவரு பேரையும் போடுங்க. எங்க வீட்ல யாரும் இதப் பத்திப் பேசமாட்டாங்க." அந்தப் பெயர் கமிட்டிக்காரர்கள் எழுதி வைத்திருந்த பட்டியலில் அதுவரை இல்லை.

நன்கொடையாளர் பெயரைப் பெரிய எழுத்தில் முன்பக்கம் போடவேண்டும் என்று ஒரு கோரிக்கை. இதற்கு நாம் பதில் சொல்லவே இல்லை. பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

முன்பக்கத்தில் ஒரு காரியம் மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறோம். பெயர்களை மேலிருந்து நெருக்கமாக வெட்டி, கீழே பாதிக் கல்லை வெறுமையாக விட்டுவிட வேண்டும். கல்தச்சருக்கு இது பிடிக்கவில்லை. பார்க்க அரைகுறையாக இருக்கும் என்கிறார். இருக்கட்டும். இன்னும் பெயர் வரும். இதுவரை இருபதுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. சிலருக்கு முழுப் பெயர்கூட இல்லை. ஒருவர் 'சுருட்டு மாமா', அவ்வளவுதான். இன்னொருவர் 'ஆயாக்கொட்டகை அம்மா வீட்டுக்காரர்'. பிள்ளைகள் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள், எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆகையால் கீழ்ப் பேராக், தைப்பிங், சித்தியவான் பக்கத்துத் தோழர்களே, உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சயாமுக்குப் போனவர் பெயர், அவர் தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனார், திரும்பியவர் யாராவது வந்து அவரைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டு எழுதி, உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதினாலும் போதும். கல்தச்சர் தைப்பூசம் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டியின் அப்பா பெயரைத்தான் முதலில் வெட்டச் சொல்லியிருக்கிறோம். அதற்கு மட்டும் கமிட்டியில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.